ஏழாம் வடுநிலை

கோகிலவாணியின் சம்பளம் மாவட்ட ஆட்சியரின் சம்பளத்தைவிட நாலாயிரம் ரூபாய் அதிகம். இதை அவள் தானாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஈரோட்டில் காய்கறி விற்கிறவரிலிருந்து கண் டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அது தெரியும். கல்யாண வீடுகளில் அவளுக்கு முதல் வரிசை. பள்ளி ஆண்டு விழாக்களில் அவள்தான் சிறப்பு விருந்தினர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட, ஆறு வருடம் வலி மாத்திரைக்கு அடிமையாகக் கிடந்த ஒருத்திக்கு இத்தனை மரியாதையா என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆறு வருடத்துக்குத்தான் மரியாதையே.

எல்லாம் வேட்கைமானி செய்த வேலை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற ஒரு பொட்டு, தோளில் குத்திக்கொள்கிற ஒரு வில்லை, அவ்வளவுதான் கருவி. எதற்காவது மனம் ஏங்கும்போது மூளையில் நடப்பதைப் பொட்டு படித்துவிடும்; வில்லையில் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் ஒளிரும். அது வருவதற்கு முன்னால் போதை மீட்பு ஆலோசகர் வேலை என்பது எந்தக் கணக்கிலும் சேராத வேலை. பட்ட மேற்படிப்பு முடித்த இருபத்து நாலு வயதுப் பெண்கள்தான் பெரும்பாலும் அதற்கு வந்தார்கள். ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவளுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த ஒப்பந்தச் சம்பளத்துக்கு, நாளுக்கு முப்பது பேரின் அழுகையைக் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் கல்யாணம் என்றோ வங்கித் தேர்வு என்றோ சொல்லிக் கிளம்பினார்கள். குடியை விட்ட ஆண்கள் நாலைந்து பேர் அதே இல்லங்களில் எடுபிடியாக இருப்பார்கள். சான்றிதழ் இல்லாததால் அவர்களுக்குச் சம்பளம் இல்லை, மூன்று வேளைச் சோறு மட்டும். பெருந்துறைப் பக்கம் ஓர் இல்லத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த கோகிலவாணியும் அப்படிச் சோற்றுக்கு இருந்தவள்தான்.

மானியை நோயாளிக்கு மட்டும் மாட்டாமல் எதிரில் உட்காருகிறவருக்கும் மாட்டிப் பார்க்கலாமே என்று ஒரு நாள் யாருக்கோ தோன்றியது. அந்த இல்லத்தில்தான் மாட்டிப் பார்த்தார்கள். தங்கப் பதக்கம் வாங்கிய ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசினார். நோயாளியின் எண் எழுபதை விட்டு அசையவில்லை. அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போன இடைவேளையில், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் கழற்றி வைத்துப் போன மானியை மாட்டிக்கொண்டு கோகிலவாணி பேச்சுக் கொடுத்தாள். நூற்பாலையில் இரவு ஷிப்டில் வயிற்று வலிக்கு மேற்பார்வையாளர் கொடுத்த முதல் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் எண் அறுபதுக்கு ஏறி, மெல்ல மெல்லப் பத்துக்கு இறங்கியது. எதிரில் இருந்தவனின் எண் அவள் எண்ணைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஏங்கி, விட்டு, மீண்டு வந்த மூளையில் ஓர் ஆறிய வடு இருக்கிறது. அந்த மூளைக்கு மட்டும் இறங்கும் வழி தெரியும். எதிரில் இருக்கும் மூளை அதைப் பார்த்து நடக்கும். வடுவை அளக்க வடுநோக்கி என்று ஒரு பெரிய இயந்திரம் வந்தது. அரசாங்கம் ஏழு வடுநிலைகள் வகுத்து, நிலைக்கு ஒரு சம்பளம் வைத்தது. வடு இல்லாதவருக்கு உரிமம் இல்லை. ஆலோசகர் என்ற பெயரும் போய் மீட்புநர் என்று ஆயிற்று.

தொழிலின் முகமே மாறிப்போனது. உரிமம் பெற்ற ஒன்பதாயிரம் பேரில் பெரும்பாலோர் ஐம்பது வயது ஆண்கள். லாரி ஓட்டியவர்கள், கொத்து வேலை பார்த்தவர்கள், ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் இரண்டு பேர். பெண்கள் மொத்தமே இருநூற்றுப் பன்னிரண்டு. மேற்படிப்புப் படித்த பெண்கள் வரவேற்பு மேசைக்குப் போய்ப் பெயர் பதிந்து கொடுத்தார்கள். 'எட்டு வருடம் குடித்தவர், ஐந்தாம் வடுநிலை, நல்ல குடும்பம்' என்று மணமகன் விளம்பரங்கள் வந்தன. ஏழாம் நிலையில் மாநிலம் முழுவதற்கும் பதினோரு பேர்; அதில் ஒரே பெண் கோகிலவாணி. நாலாயிரத்து முந்நூறு பேரை இறக்கிவிட்டவள் அவள். தலை நிமிர்ந்து நடந்ததில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. அவள் ஒற்றை மகள் இதழினி உளவியலில் மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறியவள். அம்மா பேசிப் பேசி ஆட்களை இறக்குவதைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தே வளர்ந்தவளுக்கு வேறு எந்த வேலையும் வேலையாகத் தெரியவில்லை. உரிமத்துக்கு விண்ணப்பித்தாள். வடுநோக்கி அவள் மூளையை அரை நிமிடம் பார்த்துவிட்டு 'வடு இல்லை' என்று எழுதிக் கொடுத்தது. மருத்துவமனையில் அப்படிச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். இதழினி மூன்று நாள் சாப்பிடவில்லை.

அவளைத் தேற்றத்தான் கோகிலவாணி அந்த வார்த்தையைச் சொன்னாள். மேடை மேடையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிய வார்த்தை.

"இது படிச்சு வர்றதில்ல கண்ணு. பட்டாத்தான் வரும். அம்மா பட்டேன், எனக்கு வந்துச்சு. உனக்கு எதுக்கு அந்தச் சீரழிவு?"

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிடுக்கு வந்து உட்கார்ந்துகொண்டதை அவள் கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள். அடுத்த மாதம், மத்திய அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போகிறேன் என்று நாமக்கல்லில் ஒரு விடுதியில் போய்ச் சேர்ந்தாள்.

ஊரார் ஏக்கத்தை எல்லாம் அளக்கிறவளுக்கு வீட்டில் நடப்பது தெரியாமலா போயிற்று என்று கேட்கலாம். தெரியாமல்தான் போயிற்று. பொங்கலுக்கு வந்த மகள் இளைத்திருந்தாள். விடுதிச் சாப்பாடு என்று அம்மா நினைத்தாள். பகலெல்லாம் தூங்கினாள், இராவெல்லாம் படிக்கிறாளாக்கும் என்று நினைத்தாள். வீட்டில் மானி மாட்டும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

பங்குனி மாதம் ஒரு முற்பகலில் தருணேஷ் என்று இருபத்திரண்டு வயதுப் பையன் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு நோட்டு. குடி நோயாளிகள் நோட்டு கொண்டுவந்து அவள் பார்த்ததில்லை. அவள் பேச ஆரம்பித்ததும் தன் எண்ணையும் அவள் எண்ணையும் நிமிடத்துக்கு ஒரு தரம் குறித்துக்கொண்டான். என்னப்பா எழுதுகிறாய் என்று கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான்.

"ரெண்டு வருசம் முடிஞ்சுதுங்க மேடம். இனி ஆறு மாசம் இறங்குற பருவம். உங்ககிட்ட இறங்குனா வடு நல்லா ஆழமா விழுமுன்னு எங்க மையத்துல சொல்லி அனுப்புனாங்க."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. உரிமம் வாங்குவதற்காகப் போதைப் பழக்கத்தை உண்டாக்கி, பிறகு மீட்டுவிடுகிற பயிற்சி மையம் அது என்று பையன் பொறுமையாக விளக்கினான். முதல் வருடம் பழகும் பருவம். இரண்டாம் வருடம் ஆழப்படுத்தும் பருவம். இதில் வாரா வாரம் தேர்வு உண்டு, மானியில் எண்பதுக்குக் கீழே இருந்தால் பெற்றோருக்குக் கடிதம் போகும். கடைசி ஆறு மாதம் மீட்பு. அவன் அப்பா நெல் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர். பிள்ளைக்கு எண்பத்தேழு வந்த அன்று தெருவுக்கே இனிப்புக் கொடுத்தாராம். இருபது பேரில் மூன்று பேர் மீட்புப் பருவத்துக்கு வந்து சேருவதே இல்லை என்பதையும் அவன் சொன்னான், கணக்குப் பாடத்தில் தோற்றவர்களைச் சொல்வதுபோல. பெண்களுக்குத் தனிக் கட்டடம் என்றான். பெண் மீட்புநர் கிடைப்பது அரிது என்பதால் அவர்களுக்கு நல்ல எதிர்காலமாம்; அவர்களுக்குக் குடி கிடையாது, மாத்திரைதானாம்.

"உங்க போட்டோவை வாசல்லயே பெருசா மாட்டிருக்குதுங்க மேடம். கீழ, 'பட்டாத்தான் வரும்'னு எழுதியிருக்கும்."

மையத்தின் பெயரைக் கேட்டாள். சொன்னான். மாதாமாதம் அவள் பணம் கட்டுகிற விடுதியின் பெயர் அது.

அன்று மதியமே நாமக்கல்லுக்குப் போய் இதழினியை அழைத்து வந்தாள். வாசலில் தன் படத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மையத்து நிர்வாகி ஓடி வந்து பொன்னாடை போர்த்தப் பார்த்தார். மாணவிகள் சுற்றி நின்று கையெழுத்துக் கேட்டார்கள். அத்தனை பேர் கண்ணிலும் மாத்திரை மந்தம்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு மானியை மாட்டினாள். எண்பத்து மூன்று. மகள் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அது மதிப்பெண் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

கோகிலவாணி அழுதாள், திட்டினாள், காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். இதழினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"இப்ப நிறுத்துனா ரெண்டாம் நிலைதான்மா வரும். இன்னும் ஒரு வருசம் விடு. நீ ஆறு வருசம் இருந்தே, யாராச்சும் உன்னைக் குத்தம் சொன்னாங்களா? மாலைதானே போட்டாங்க."

"செத்துப் போயிருவே கண்ணு."

"அந்த விதி இருக்கற வரைக்கும் விடமாட்டேன். விதி போச்சுன்னா, அப்ப இதை வச்சு எனக்கு என்ன ஆகப்போவுது? அன்னைக்கே விட்டுர்றேன்."

பேரம் படிந்துவிட்டது. வடுநிலை விதியை ஒழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மகளை இழக்க வேண்டும். ஊரில் வேறு யாராவது அந்த விதியைக் கொண்டுவந்திருந்தால் அவள் போய்ச் சண்டை போட்டிருப்பாள். சம்பளக் குழுவின் முன்னால் சாட்சி சொல்லி அதைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

மீட்புநர் சங்கத்தின் பொதுக்குழு சித்திரையில் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. முந்நூறு உறுப்பினர்கள். சம்பளத்தைப் பற்றி அந்தக் குழு எதைப் பரிந்துரைத்தாலும் அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். அந்த அளவுக்கு அவர்களுக்குச் செல்வாக்கு. தலைவர் செல்லமுத்து, சங்ககிரிக்காரர், இருபது வருடம் லாரி ஓட்டியவர், ஆறாம் நிலை. கோகிலவாணி தீர்மானம் கொண்டுவருகிறாள் என்றதும் சம்பள உயர்வுக்காகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே கை தட்டினார்கள்.

அவள் தீர்மானத்தைப் படித்தாள். வடுநிலைகள் ஏழும் நீக்கப்பட வேண்டும். எல்லாருக்கும் ஒரே சம்பளம். படித்தவர்களுக்கும் உரிமம். பிறகு நாமக்கல்லில் கண்டதைச் சொன்னாள், மகளைப் பற்றியும் சொன்னாள்.

யாரும் கூச்சல் போடவில்லை. தொழிலுக்கு விசுவாசம் காட்ட, கூட்டங்களிலும் மானியைக் கழற்றாமல் வருவது அவர்கள் வழக்கம். முந்நூறு தோள்களில் முந்நூறு வில்லைகள். பத்திலும் பன்னிரண்டிலும் இருந்த எண்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. நாற்பது. ஐம்பத்தைந்து. எழுபது. குடியை விட்டுப் பதினெட்டு வருடம் ஆன ஒருவருக்கு எழுபத்து நாலு. மண்டபத்தில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை, ஒரு மாத்திரை இல்லை. ஒருவர் தோளை மற்றவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் துண்டை இழுத்து வில்லையை மூடினார்கள்.

"கருவி பழுதாட்டருக்குதுங்க அம்மிணி," என்றார் செல்லமுத்து. அவர் தோளில் எழுபத்தெட்டு.

"பழுதில்லீங்கண்ணா. நல்லாத்தான் வேலை செய்யுது. என்ற எண்ணைப் பாருங்க."

அவள் தோளில் தொண்ணூற்று ஒன்று. மாத்திரை நாட்களில்கூட அவள் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

இனி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாதம் செய்ய அவள் படித்தவள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான், அதைச் செய்தாள். ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் வரிசை நாற்காலியைப் பற்றிப் பேசினாள். ஆட்சியர் எழுந்து நின்று வணங்கிய நாளைப் பற்றி, வீட்டுக்குப் போயும் அந்த நிமிடத்தை நாலு தரம் நினைத்துப் பார்த்ததைப் பற்றி. தன்னைவிட ஆழமான வடுவோடு யாராவது வந்துவிடுவார்களோ என்று வடுநோக்கிப் பட்டியலை மாதம் தவறாமல் தேடியதைப் பற்றி. மகளுக்கு வடு இல்லை என்று வந்த அன்று, நெஞ்சின் ஓர் ஓரத்தில் நிம்மதி வந்ததைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லும்போது எண் தொண்ணூற்று ஆறுக்குப் போனது. ஆனாலும் சொல்லி முடித்தாள்.

"அந்த நிம்மதிதாங்க என்ற புள்ளையைக் கொல்லப் பாக்குது. எனக்கு வேண்டாம். இன்னைக்கு ஒரு நாளைக்கு வேண்டாம்."

எண் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு, எண்பத்தொன்று. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே கால் மணி நேரம்கூட ஆனது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் அறுபதுக்கு வந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் கூட வந்தார்கள். நாற்பதுக்கு வந்தபோது பாதி மண்டபம் வந்தது. செல்லமுத்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துண்டை எடுத்தபோது அவர் தோளில் முப்பத்தைந்து. ஒரே நேரத்தில் இத்தனை பேரை இறக்கியவர் அதற்கு முன்பும் யாரும் இல்லை, பின்பும் யாரும் இல்லை. தீர்மானத்துக்கு ஆதரவாக நூற்றெழுபத்தொரு கை உயர்ந்தது.

நாலு வருடம் கோப்பில் தூங்குகிற அரசாணை நாலே நாளில் வந்தது. சம்பளத்தைக் குறைக்கச் சொல்லிச் சங்கமே கேட்டால் எந்த நிதித்துறைதான் யோசிக்கும்? எல்லாருக்கும் முதல் நிலைச் சம்பளம் என்று ஆணையிட்டார்கள். ஆண்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் வெளியேறினார்கள். செல்லமுத்து போகாமல் இருந்தார். அந்த இடங்களுக்கு மேற்படிப்புப் படித்த பெண்கள் வந்தார்கள். இரண்டாம் வருடத்தில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். அடுத்த சம்பளத் திருத்தத்தில் அந்தத் தொழிலை மறந்தே போனார்கள். பெண்கள் பார்க்கிற வேலைதானே, குடும்பத்துக்கு இது உபரி வருமானம்தானே என்று கோப்பில் ஒரு குறிப்பும் இருந்ததாகச் சொன்னார்கள். இந்த வேலைக்குப் பெரிய சம்பளம் வந்தது வடுவைப் பார்த்தா, வேட்டியைப் பார்த்தா என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வேலைக்குக் குறைவில்லை. நாமக்கல்லில் இருந்ததுபோன்ற விடுதிகள் எல்லாம் மூடியபோது பாதிப் பருவத்தில் நின்றுபோன மூவாயிரம் பேர் வெளியே வந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி இதழினி. சொன்ன சொல்லைக் காப்பாற்றி மாத்திரையை நிறுத்தினாள். ஆனால் நிறுத்துவதும் விடுபடுவதும் ஒன்றல்ல என்று அவள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சொந்தக்காரருக்குப் பார்க்கக் கூடாது என்ற விதியைப் பார்த்தால் வரிசையில் எட்டு மாதம் நிற்க வேண்டும், ஆள் இல்லை. அம்மாவே எதிரில் உட்கார்ந்தாள். நூற்பாலைக் கதை பலிக்கவில்லை. மகள் மாத்திரைக்காக மாத்திரை தின்றவள் இல்லையே. கடைசியில் மண்டபத்தில் பேசியதைத்தான் திரும்பப் பேச வேண்டியிருந்தது, முதல் வரிசை நாற்காலியும் ஆட்சியரும் பட்டியலுமாக. ஒவ்வொரு முறையும் கோகிலவாணியின் எண் ஏறியது, இறங்கியது. மகளின் எண் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

பதினாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. அன்றுதான் இதழினி வேலையில் சேருகிறாள். படிப்பும் வடுவும் ஒன்றாக இருக்கிற மீட்புநர் மாநிலத்தில் அவள் ஒருத்திதான். அதற்கென்று ஒரு ரூபாய் கூடக் கிடையாது. முதல் ஆள் வருவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இருவரும் பொட்டை ஒட்டிக்கொண்டு, வில்லையைக் குத்திக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மகளுக்கு ஒன்பது. அம்மாவுக்குப் பன்னிரண்டு. கோகிலவாணி அந்த ஒன்பதைக் கண் நிறையப் பார்த்தாள். வாழ்க்கையில் எதற்கும் அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

இதழினி அம்மாவின் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டே சொன்னாள்.

"வாங்குன மாலையைக் கழட்டி வெச்சதுக்குன்னு எட்டாம் நிலை ஒண்ணு இருந்திருந்தா, அது உனக்கு ஒருத்திக்குத்தாம்மா வந்திருக்கும்."

கோகிலவாணி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோளில் எண் பன்னிரண்டிலிருந்து நாற்பத்தாறுக்குத் தாவியது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.